கொட்டாஞ்சேனையில் வீடு எடுப்பதென்றால்

கொழும்புக்குள் வாடகைக்கு வீடு தேடுகிற எவரும் முதலில் கேட்பது மாத வாடகையைத்தான். அட்வான்ஸ் எத்தனை மாதம் என்பதை முதலில் கேளுங்கள் என்று நான் சொல்வேன். வாடகையை எப்படியாவது சம்பளத்துக்குள் அடக்கிவிடலாம். அட்வான்ஸ் அடங்காது. சாவி கைக்கு வருமா வராதா என்பதை அந்தத் தொகைதான் முடிவு செய்கிறது.

நாங்கள் இருக்கும் வீட்டின் கணக்கையே சொல்கிறேன். கொட்டாஞ்சேனையில், ஜம்பட்டா வீதியிலிருந்து பிரியும் ஒரு ஒழுங்கையில், பழைய கட்டடம் ஒன்றின் மூன்றாம் மாடி. இரண்டு அறை, ஒரு ஹோல், ஒடுக்கமான குசினி, உடுப்புக் காயப்போட ஒரு பல்கனி. லிஃப்ட் இல்லை. மாத வாடகை 55,000 ரூபா. முதலில் கேட்டது ஒரு வருட வாடகையை முற்பணமாக. பேசிப் பேசி ஆறு மாதத்துக்கு இறங்கினார்கள். அது 330,000. அதற்கு மேல் இரண்டு மாத டெபாசிட், 110,000. புரோக்கருக்கு ஒரு மாத வாடகை, 55,000. உடன்படிக்கை எழுத 15,000. ஆக, அந்த வீட்டில் ஒரு பாயை விரிப்பதற்கு முன்னால் 510,000 ரூபா வேண்டியிருந்தது.

நான் கொழும்பின் கோட்டைப் பகுதியில் ஒரு கப்பல் முகவர் நிறுவனத்தில் ஆவணப் பிரிவில் வேலை செய்கிறேன். ஊர் மட்டக்களப்பு, கல்லடி. தங்கைக்குச் சட்டக் கல்லூரி கிடைத்ததும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு மூன்று பேரும் ஒன்றாக இருக்கலாம் என்று முடிவெடுத்தோம். அந்த ஐந்து லட்சத்துக்காக என் சீட்டுக் காசை முன்கூட்டியே கழிவுக்கு எடுத்தேன். அம்மாவின் காப்புச் சோடி செட்டியார் தெருவில் அடகுக்குப் போனது. மிச்சத்தை மாமா தந்தார். மாமா இல்லாதவர்கள் என்ன செய்வார்கள் என்பதுதான் அன்றிலிருந்து என் மனதில் கிடக்கும் கேள்வி.

ஏனென்றால் பதிலை நான் தினமும் அலுவலகத்தில் பார்க்கிறேன். எங்களோடு வேலை செய்யும் பெண்கள் பலர் வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் போர்டிங்கில் இருக்கிறார்கள். ஓர் அறையில் மூன்று கட்டில், ஆளுக்கொரு அலுமாரிக் கதவு. இரண்டு பேர் சேர்ந்தால் ஒரு சிறிய வீட்டின் வாடகையைத் தாராளமாகக் கட்டக்கூடிய சம்பளம் வாங்குகிறவர்கள் அவர்களில் இருக்கிறார்கள். மாதாமாதம் கட்ட முடிந்தவர்களுக்கு, ஒரே நாளில் ஐந்து லட்சம், ஏழு லட்சம் என்று எடுத்து வைக்க முடிவதில்லை. அதனால் ஊரிலிருந்து தாயைக் கூப்பிட்டு ஒரு கிழமை வைத்துக்கொள்ளக்கூட இடமில்லாமல் வருடக்கணக்கில் அங்கேயே இருக்கிறார்கள்.

அட்வான்ஸிலும் இரண்டு வகை உண்டு. இதைத் தெளிவாகக் கேட்காமல் பணத்தை எண்ணக்கூடாது. ஒன்று, கொடுத்த தொகையிலிருந்து மாதாமாதம் வாடகை கழிந்துகொண்டு வரும். எங்களுக்குப் பாதி கழிகிறது. மாதம் 27,500 அட்வான்ஸிலிருந்து கழிய, மீதி 27,500ஐ வங்கியில் போடுகிறோம். ஆறு மாதக் காசு ஒரு வருடத்தில் தீர்ந்துவிடும். மற்ற வகையில், வீட்டை விட்டு வெளியேறும் நாள்வரை பணம் அப்படியே உரிமையாளரிடம் இருக்கும். வாடகையை முழுதாக ஒவ்வொரு மாதமும் கட்டவேண்டும். வட்டியில்லாமல் அவருக்குக் கடன் கொடுத்ததற்கும் அதற்கும் எந்த வித்தியாசமும் இல்லை. 2022இல் அப்படிக் கொடுத்துவைத்திருந்தவர்கள் பட்ட பாட்டை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். அந்த வருடம் மார்ச் மாதத் தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபா அளவில் இருந்தது. மே மாதம் 360ஐத் தொட்டது. செப்டெம்பரில் கொழும்பின் பணவீக்கம் 69.8 வீதம். வீட்டை விட்டபோது கொடுத்த அதே தொகை கைக்குத் திரும்பி வந்தது. அதைக் கொண்டு அடுத்த வீட்டுக்கு அட்வான்ஸ் வைக்க முடியவில்லை.

உரிமையாளர்களை நான் குற்றம் சொல்லிவிட்டு நகரப்போவதில்லை. அவர்களின் பயத்துக்கு நீண்ட காரணம் இருக்கிறது. தங்கை புதுக்கடைச் சட்டக் கல்லூரியிலிருந்து வந்து இரவில் பாடம் படிக்கும்போது இதைப் பற்றி நிறையப் பேசுவோம். 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம் வாடகையைக் கட்டிப்போட்டது. குடியிருப்பவரை எழுப்ப உரிமையாளருக்குக் குறிப்பிட்ட சில காரணங்களே இருந்தன. வாடகைக்கு இருந்தவர் இறந்தாலும் அவருடைய குடும்பத்தவர் தொடர்ந்து இருக்க வழி இருந்தது. ஏழைக் குடும்பங்களைத் தெருவுக்கு வராமல் காத்த சட்டம் அது. அதை மறக்கக்கூடாது. ஆனால் நகரத்தின் நடுவில் அதற்கு இன்னொரு விளைவும் இருந்தது. புறக்கோட்டைப் பக்கம் போகிறவர்கள் ஒருதரம் கடைப் பலகைகளுக்கு மேலே நிமிர்ந்து பாருங்கள். மெயின் வீதியிலும் கெய்சர் வீதியிலும் மேல்மாடிகளில் ஓடு சரிந்து, சுவரில் ஆலங்கன்று முளைத்து நிற்கும். வருகிற வாடகை சுண்ணாம்புக்கும் காணாது என்றால் உரிமையாளர் எதற்காகத் திருத்துவார்? வாடகையைக் கூட்ட முடியாதவர்கள் கீ மணி என்று பெரிய தொகையை முன்கூட்டியே வாங்கப் பழகினார்கள். வீட்டைக் கொடுத்தால் திரும்ப வராது என்று நினைத்தவர்கள் பூட்டியே வைத்தார்கள்.

பின்னால் வந்த திருத்தங்களால் பல வீடுகள் அந்தக் கட்டுப்பாட்டிலிருந்து வெளியே வந்துவிட்டன. 2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம், குத்தகைக்குக் கொடுத்த இடத்தை உரிமையாளர் திரும்பப் பெறுவதற்கென்றே சுருக்கமான ஒரு வழக்கு நடைமுறையைக் கொண்டுவந்தது. அதாவது, காலம் முடிந்தும் எழும்பாத குடியிருப்பாளரை வைத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் நீதிமன்றப் படி ஏறும் நிலையை மாற்றத்தான் அந்தச் சட்டம். எங்கள் வீட்டுக்காரத் தரப்பிடம் நான் இதைத்தான் சொன்னேன். முறையாக, பத்திரம் எழுதி அத்தாட்சிப்படுத்தும் நொத்தாரிசு முன்னால் கையெழுத்து வைப்போம், உங்களுக்குப் பாதுகாப்பு அதில் இருக்கிறது, பிறகெதற்கு ஒரு வருடக் காசு என்று கேட்டேன். ஆறு மாதத்துக்கு இறங்கியது அந்தப் பேச்சில்தான். எல்லாரும் கேட்கவேண்டும். கேட்காமல் கொடுத்துக்கொண்டே இருப்பதால்தான் ஒரு வருடம் என்பது ஏதோ சட்டம் போல ஆகிவிட்டது.

வீடு தேடிய காலத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். கோட்டைக்குள்ளேயே கிடைத்தால் நடந்து வேலைக்குப் போகலாம் என்று ஆசையிருந்தது. கோட்டையில் வங்கிகளும் அலுவலகங்களும்தான், நமக்கு ஏற்ற வீடு இல்லை. கொம்பனித்தெருவில் புதிதாக எழும்பிய கோபுரங்களில் நீச்சல் குளமும் உடற்பயிற்சிக் கூடமும் இருக்கின்றன. வாடகையை டொலரில் சொல்கிறார்கள். எங்கள் சம்பளம் ரூபாவில். வெள்ளவத்தையில் நம்மவர்கள் அதிகம், கோவில் கடை எல்லாம் பக்கம். அதனாலேயே அங்கே வாடகையும் அதிகம். தங்கை புதுக்கடைக்கும் நான் கோட்டைக்கும் போகவேண்டும் என்பதால் கொட்டாஞ்சேனை எல்லா வகையிலும் பொருந்தியது.

பம்பலப்பிட்டியில் பார்த்த ஒரு வீட்டில், "ஆம்பிளையள் ஒருத்தரும் இல்லையோ?" என்று அந்த வீட்டு அம்மா கேட்டார். மூன்று பெண்கள் மட்டும் என்றதும் யோசித்துச் சொல்கிறேன் என்றார். வேறோர் இடத்தில் மீன், இறைச்சி சமைக்கக்கூடாது என்றார்கள். மட்டக்களப்பு ஆளிடம் மீன் சமைக்காதே என்று சொன்னால் அம்மா அந்த வீட்டில் ஒரு நேரமும் நிம்மதியாகச் சாப்பிட மாட்டார். இன்னோர் இடத்தில் இன்ன மதத்தவருக்கு மட்டும் என்று விளம்பரத்திலேயே போட்டிருந்தார்கள். நாங்கள் அந்த மதம்தான். ஆனாலும் அங்கே போக மனம் வரவில்லை. இத்தனை காலம் இந்த நாட்டில் பெயரைப் பார்த்துக் கதவைச் சாத்தியவர்களால் நாங்கள் பட்டது போதும். அதையே நாங்கள் இன்னொருவருக்குச் செய்யக்கூடாது.

கடைசியில் இந்த வீட்டைக் காட்டியது ஜம்பட்டா வீதியில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் ஒரு ஐயா. புரோக்கர் என்று பலகை போட்டவர் இல்லை. கொட்டாஞ்சேனையில் எந்த மாடியில் எந்த வீடு எப்போது காலியாகும் என்பது கடைக்காரர்களுக்குத்தான் முதலில் தெரியும்.

பழைய கட்டடத்தில் வீடு பார்க்கும்போது தரை ஓடுகளையும் சுவர் நிறத்தையும் பார்ப்பது பிறகு. தண்ணீரைப் பாருங்கள். எங்கள் கட்டடத்தில் நகரக் குழாய்த் தண்ணீர் முதலில் நிலத்தடித் தொட்டிக்கு வருகிறது. அங்கிருந்து மோட்டார் போட்டு மொட்டை மாடித் தொட்டிக்கு ஏற்றவேண்டும். தொட்டி எல்லா வீட்டுக்கும் பொது. மோட்டார் யார் போடுவது, அதன் கரண்ட் யார் கணக்கில் போகிறது, தொட்டி கழுவுவது யார் என்பதைக் கேட்டு வைத்துக்கொள்ளவேண்டும். நாங்கள் வீடு பார்க்க விடிகாலையில் ஒருதரம், இரவு எட்டு மணிக்கு ஒருதரம் போனோம். எல்லா வீட்டிலும் குளிக்கிற, சமைக்கிற நேரம் அது. அந்த நேரத்தில் மூன்றாம் மாடிக் குழாயில் தண்ணீர் எந்த வேகத்தில் வருகிறது என்று அம்மா வாளியை வைத்துப் பார்த்தார். புரோக்கர்கள் எப்போதும் நண்பகலில்தான் கூட்டிக்கொண்டு போவார்கள். நண்பகலில் எல்லாக் குழாயிலும் தண்ணீர் வரும்.

அப்புறம் மீட்டர். இதை நான் திரும்பத் திரும்பச் சொல்வேன். கொழும்பின் நடுவில் பழைய பெரிய வீடுகளையும் கட்டடங்களையும் தடுத்துத் தடுத்து இரண்டு மூன்று வீடாக வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். தடுத்த வீட்டுக்கெல்லாம் தனி மின்சார மீட்டர் இருக்காது. ஒரே மீட்டர், உள்ளே உரிமையாளர் பொருத்திய சின்ன மீட்டர்கள். பார்வைக்குச் சரிதான். ஆனால் வீட்டுப் பாவனைக்கான மின்கட்டணம் படிப்படியாக ஏறும் கட்டணம். மாதம் 60 யூனிட்டுக்குள் நின்றால் ஒரு விலை அட்டவணை, தாண்டினால் வேறு அட்டவணை, மேலே போகப் போக ஒவ்வொரு யூனிட்டும் விலை கூடிக்கொண்டே போகும். இரண்டு குடும்பம் ஒரு மீட்டரில் இருந்தால் இரண்டு குடும்பத்தின் யூனிட்டும் கூடி மேல் படிக்குப் போய்விடும். தனி மீட்டர் இருந்தால் கீழ்ப்படியிலேயே நின்றிருக்கக்கூடிய சிக்கனக்காரர்களும் மேல்படி விலையைக் கொடுப்பார்கள். 2022 ஓகஸ்ட்டில் மின்கட்டணம் சராசரியாக 75 வீதம் கூடியபோது எத்தனையோ பேருக்கு இந்தக் கணக்கு அப்போதுதான் விளங்கியது. கீழே கடை, மேலே வீடு என்று இருக்கும் கட்டடத்தில் இன்னொன்றும் பார்க்கவேண்டும்: மேல்மாடிக்கு வரும் இணைப்பு வீட்டுப் பாவனைக்கா, வியாபாரப் பாவனைக்கா என்பது. பில்லிலேயே அது இருக்கும். கடைசி மூன்று மாதப் பில்லைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். பாக்கி ஏதும் நிற்கிறதா என்பதும் அதில் தெரிந்துவிடும். கணக்கு உரிமையாளர் பெயரில் இருக்கலாம், ஆனால் இணைப்பைத் துண்டித்தால் இருட்டில் இருக்கப்போவது நாம்தான்.

லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடியில் பன்னிரண்டரைக் கிலோ எரிவாயு சிலிண்டரை ஏற்றுவதும் ஒரு விஷயம். கடைப் பையன் ஏற்றித் தருகிறான், கையில் கூடுதலாகக் கொடுக்கிறோம். அம்மாவின் முழங்காலுக்குப் படி கஷ்டம். அதற்காகத்தான் முதலாம் மாடி ஒன்று கிடைக்குமா என்று இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

உடன்படிக்கை விஷயத்துக்கு வருகிறேன். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை என்றால் நொத்தாரிசு முன்னால், இரண்டு சாட்சிகளோடு எழுதப்படவேண்டும். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் அப்படிச் சொல்கிறது. பிரித்தானியர் காலத்துச் சட்டம், இன்றும் நடைமுறையில் இருக்கிறது. கொழும்பில் ஆயிரக்கணக்கான ரூபாவை வெறும் தாளில் கையெழுத்து வைத்துக் கொடுத்துவிட்டு, ஒரு தகராறு வந்ததும் அந்தத் தாளைத் தூக்கிக்கொண்டு சட்டத்தரணியிடம் ஓடுகிறவர்கள் இருக்கிறார்கள். தங்கை தன் விரிவுரையாளர்களிடமிருந்து கேட்டுக்கொண்டு வரும் கதைகளில் பாதி இதுதான்.

எங்கள் வீட்டின் உரிமையாளர் இங்கே இல்லை. கனடாவில் இருக்கிறார். கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் இது சாதாரணம். யுத்த காலத்தில் கொழும்பில் வீடு வாங்கிவிட்டு வெளிநாடு போனவர்கள், வெளிநாட்டிலிருந்து அனுப்பிய காசில் பெற்றோருக்கு வாங்கிக் கொடுத்தவர்கள், பெற்றோர் காலமானபின் வீட்டைப் பூட்டி வைத்திருப்பவர்கள். வாடகை பேசுவது வட்சப்பில். சாவி தருவது தமையனோ மச்சானோ. இப்படியான வீட்டை எடுக்கும்போது சாவி தருபவரிடம் அற்றோர்னித் தத்துவம், அதாவது உரிமையாளர் சார்பில் செயற்பட அதிகாரம் தரும் பத்திரம், இருக்கிறதா, அது பதிவு செய்யப்பட்டதா, குத்தகைக்குக் கொடுக்கவும் பணம் பெறவும் அதில் அதிகாரம் எழுதியிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். நல்ல குடும்பம், தெரிந்த ஆட்கள், ஊர்க்காரர் என்பதெல்லாம் சந்தோஷம்தான். ஆனால் தமையனும் தம்பியும் நாளை முரண்பட்டால், "நான் அவரிடம் காசு வாங்கச் சொல்லவில்லை" என்று ஒரு வசனம் போதும், நம் ஐந்து லட்சம் நடுவில் நிற்கும். எங்கள் விஷயத்தில் உரிமையாளரின் அண்ணா தானாகவே பத்திரத்தின் பிரதியைக் கொண்டுவந்து காட்டினார். "பாத்துக் கொள்ளுங்கோ தங்கச்சி, பிறகு ஒருத்தருக்கும் மனக்கஷ்டம் வேண்டாம்" என்றார். அந்த ஒரு செயலால்தான் இந்த வீட்டை எடுக்கும் தைரியம் வந்தது.

உடன்படிக்கை ஆங்கிலத்தில் இருந்தது. நான் வேலையில் தினமும் ஆங்கில ஆவணங்களோடு மல்லுக்கட்டுகிறவள், ஆனாலும் ஒவ்வொரு பந்தியையும் தமிழில் சொல்லச் சொன்னேன். அம்மாவும் அங்கே இருந்தார். அவரும் இருக்கப்போகும் வீடு. நொத்தாரிசு அம்மா பொறுமையாகச் சொன்னார். சில இடங்களை மாற்றி எழுதச் சொல்லிக் கேட்டோம். பெரிய திருத்தவேலை, அதாவது கூரை ஒழுக்கு, குழாய் வெடிப்பு, மின் இணைப்புப் பழுது எல்லாம் உரிமையாளர் பொறுப்பு. பல்பும் குழாய்த் திருகும் எங்கள் பொறுப்பு. வீட்டை விடும்போது பெயின்ட் அடிக்கவென்று டெபாசிட்டில் எவ்வளவு பிடிக்கலாம் என்பதற்கு ஓர் உச்ச வரம்பு. சோலைவரி, அதாவது மாநகர சபைக்குக் கட்டும் வீட்டு வரி, உரிமையாளருடையது. இரு பக்கமும் வெளியேற இரண்டு மாத முன்னறிவித்தல். டெபாசிட் எத்தனை நாளுக்குள் திரும்பவேண்டும் என்ற திகதி. இந்தக் கடைசி விஷயம் இல்லாத உடன்படிக்கைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். திகதி இல்லாவிட்டால் "அடுத்த ஆள் வந்ததும் தருகிறேன்" என்பார்கள். அடுத்த ஆள் எப்போது வருவார்?

சாவி வாங்கிய அன்றே ஒவ்வொரு அறையையும் தங்கை ஃபோனில் படம் எடுத்தாள். யன்னல் கம்பியில் இருந்த துரு, குசினிச் சுவரின் ஈரக்கறை, பாத்ரூமில் வெடித்த ஓடு எல்லாம். அன்றே அந்த அண்ணாவுக்கு அனுப்பியும் வைத்தாள். இது துறைமுகத்துக் காற்றுப் படும் இடம், இரும்பு எதுவும் நாள்போக்கில் துருத்தான். அதை நாங்கள் செய்ததாக யாரும் சொல்லக்கூடாது.

குடிபுகுந்த பிறகு பொலிஸ் பதிவுப் படிவம் வந்தது. வீட்டில் இருப்பவர்களின் பெயர், அடையாள அட்டை இலக்கம், சொந்த ஊர், வேலை. இன்றைக்கு அது ஒரு படிவம். நிரப்பிக் கொடுத்தால் முடிந்தது. ஆனால் அம்மா அதைக் கையில் வாங்கியதும் பேச்சில்லாமல் இருந்தார். யுத்த காலத்தில் கொழும்பில் ஒரு தமிழருக்கு அந்தத் தாள் இல்லாமல் இரவில் தூக்கம் வராது. சித்தி வெளிநாட்டு விசாவுக்காக இதே கொட்டாஞ்சேனையில் ஒரு லொட்ஜில் மாதக்கணக்கில் இருந்தவர். 2007 ஜூன் 7ஆம் திகதி விடியற்காலையில் கொழும்பு லொட்ஜுகளில் இருந்த தமிழர்கள் 300க்கும் மேற்பட்டவர்களை பஸ்களில் ஏற்றி நகரத்தை விட்டு அனுப்பினார்கள். பெரும்பாலானோரை வவுனியாவுக்கு. மறுநாளே உயர் நீதிமன்றம் அதைத் தடுத்தது. பிறகு பலர் திரும்பி வந்தார்கள். சித்தி அந்தக் காலத்துப் பதிவுத் தாளை இன்னும் பிளாஸ்டிக் உறையில் வைத்திருக்கிறார். இந்த நகரத்தில் ஒரு வீட்டின் சாவி என்பது எங்கள் குடும்பத்துக்கு வாடகைக் கணக்கோடு மட்டும் முடிகிற விஷயமில்லை. என் பெயரில் உடன்படிக்கை, அதில் முகவரி, அதை வைத்து கிராம அலுவலரிடம் பதிவு, அங்கிருந்து வாக்காளர் இடாப்பு என்று ஒன்றன்பின் ஒன்றாகப் போகிறது. பிள்ளைகளை முதலாம் வகுப்புக்குச் சேர்ப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். பாடசாலைக்குக் கிட்ட வசிப்பதை வாக்காளர் இடாப்பாலும் வீட்டுப் பத்திரத்தாலும் நிரூபிக்கவேண்டும். வெறும் தாளில் கையெழுத்து வைத்து இருப்பவர்கள் அந்த நேரத்தில்தான் ஓடித் திரிவார்கள்.

இங்கே இருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. காலையில் புனித லூசியா பேராலயத்து மணி கேட்கும். பொன்னம்பலவாணேஸ்வரர் கோவிலுக்கு அம்மா வெள்ளிக்கிழமை நடந்தே போய்விடுவார். கருங்கல்லால் கட்டிய கோவில், வெயில் நேரத்திலும் உள்ளே குளிர்ந்திருக்கும். ஜூன் 13, கொச்சிக்கடை அந்தோனியார் திருநாளன்று தெருவெல்லாம் சனம். அந்தத் தேவாலயத்தில் குண்டு வெடித்த 2019 ஏப்ரல் 21க்குப் பிறகு அந்தச் சனத்தைப் பார்க்கும்போது மனது ஒரு நிமிடம் கனக்கும். மொட்டை மாடியில் நின்றால் துறைமுகத்துப் பாரந்தூக்கிகள் தெரியும். பகலில் நான் ஆவணம் அடித்த கப்பல் இரவில் விளக்குப் போட்டு நிற்பதைப் பார்த்துத் தங்கைக்குக் காட்டியிருக்கிறேன்.

இரண்டாம் மாடியில் ஒரு முஸ்லிம் குடும்பம். அந்த வீட்டுத் தாத்தாதான் விடிய ஐந்து மணிக்கு மோட்டார் போடுகிறவர். நோன்புக் காலத்தில் விடியுமுன் சாப்பிடும் சஹர் நேரத்துக்கு எழும்பிப் பழகியவர், எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை மகள் என்கிறார். மோட்டார்க் கரண்ட்டை ஐந்து வீடும் பிரித்துக் கட்டுகிறோம். கணக்கு எழுதும் கொப்பி எங்கள் வீட்டில் இருக்கிறது. கீழே சாமான் கடையில் வேலை செய்யும் சிங்களத் தம்பி தொட்டி கழுவும் நாளில் மேலே வந்து உதவுவார். டெங்குச் சோதனைக்குப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்தால் மொட்டை மாடியில் தேங்கிய தண்ணீருக்கு எல்லாரும்தான் பதில் சொல்லவேண்டும். அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் யாராவது ஒருவர் மேலே போய்ப் பார்த்துவிட்டு வருவோம்.

ஒரு வருடம் முடிந்து உடன்படிக்கையைப் புதுப்பித்தபோது வாடகை 60,000 ஆனது. அட்வான்ஸ் மூன்று மாதம் போதும் என்று அந்த அண்ணா ஒத்துக்கொண்டார். ஒரு மாதமும் தவறாமல் வங்கியில் விழுந்த வாடகைச் சீட்டுகளை முன்னால் வைத்துத்தான் கேட்டேன். அம்மாவின் காப்பு அடகிலிருந்து திரும்பி வந்தது.

இப்போது முதலாம் மாடி வீடு காலியாகப்போகிறது. அம்மாவின் முழங்காலுக்கு நல்லதென்று முதலில் நாங்கள்தான் யோசித்தோம். அதில் ஒரே அறை, எங்கள் மூன்று பேருக்கும் காணாது. அலுவலகத்தில் எனக்குப் பக்கத்து மேசையில் இருக்கும் வவுனியாத் தங்கச்சிக்கும் அவளுடைய தோழிக்கும் அளவாக இருக்கும். இரண்டு பேரும் இப்போது போர்டிங்கில் இருக்கிறார்கள். அந்த வீட்டின் உரிமையாளர் வேறு ஆள், ஒரு வருட அட்வான்ஸ் என்று சொல்லியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை இரவு எட்டு மணிக்கு அவர்களை வரச் சொல்லியிருக்கிறேன். முதலில் குழாயைத் திறந்து பார்ப்போம், பில்லைக் கேட்போம். பிறகு மூன்று மாதத்தில் தொடங்கிப் பேசுவோம். உடன்படிக்கையின் வரைவைத் தங்கை ஏற்கனவே எழுதி வைத்துவிட்டாள்.